தைத்து வைத்த கணக்கு

டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்குக் காரில் ஆறு மணி நேரம். வான் ரீனன் கணவாய் வரை கண்ணுக்குக் குளிர்ச்சி, அப்புறம் வெறும் புல்வெளிதான். கான்ஸ்டிட்யூஷன் ஹில்லில் உள்ள பழைய பெண்கள் சிறையில், 2022 செப்டம்பரில் தொடங்கிய கெய்ஸ்காமா அறக்கட்டளையின் எம்பிராய்டரிக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. “துணிப்படம் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்று அண்ணன் முணுமுணுத்தபடியே ஓட்டினார். பார்க்க ஆசைப்பட்டது அண்ணி. டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்காரர், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் கெய்ஸ்காமா ஆறு கடலில் சேரும் இடத்தில் ஹாம்பர்க் என்று ஒரு சின்ன ஊர். 2000 வாக்கில் அங்கே குடிவந்த கேரல் ஹாஃப்மேயர் ஒரு டாக்டர், ஓவியரும்கூட. வேலையில்லாத பெண்களுக்கு நாலு காசு வரட்டும் என்றுதான் எம்பிராய்டரி தொடங்கியது. ஆனால் அது எய்ட்ஸ் வீட்டுக்கு வீடு ஆளைக் கொண்டுபோன காலம். எச்ஐவியால்தான் எய்ட்ஸ் வருகிறது என்பதையே அப்போதைய ஜனாதிபதி எம்பெக்கி சந்தேகித்துக்கொண்டிருந்தார். அரசு மருத்துவமனைகளில் எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்வி மாத்திரை கிடைக்க 2004 ஆகிவிட்டது. இப்படி உருவான கெய்ஸ்காமா அறக்கட்டளை ஊசி நூலோடு நிற்காமல் சிகிச்சை மையமும் நடத்தியது.

“அப்போ எங்க வார்டில் தரையிலும் படுத்திருப்பாங்க” என்றார் அண்ணி. “பனாடோ, அதான் பாராசிட்டமால், கொடுப்போம். வேற என்ன இருந்தது கொடுக்க?”

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கை என்றாலே எனக்கு அலுப்பு. எத்தனை முகாம், எத்தனை பயனாளிகள், கடைசியில் ஒரு குரூப் போட்டோ. இங்கே கணக்கைத் துணியில் தைத்து வைத்திருக்கிறார்கள். 2005-ல் முடித்த பீடப்படம், அதாவது தேவாலயப் பீடத்தில் வைக்கும் படம், கதவுக்குள் கதவாக விரிவது. பதினாறாம் நூற்றாண்டில் குரூனேவால்ட் தீட்டிய ஐசன்ஹைம் பீடப்படம்தான் மாதிரி. பூஞ்சை பிடித்த தானியத்தால் கைகால் அழுகியவர்களைப் பராமரித்த மடத்துக்காக வரைந்தது அது. ஹாம்பர்க் பெண்கள் சிலுவையில் தொங்கும் இயேசுவின் இடத்தில் கணவனைப் பறிகொடுத்த அந்தப் பகுதியின் கோசா இனப் பெண் ஒருத்தியை நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளடுக்கில் பேரப்பிள்ளைகளோடு மூன்று பாட்டிகள், ஆளுயரப் புகைப்படமாக. பெற்றவர்கள் போனபிறகு பிள்ளைகளை வளர்த்தவர்கள் பாட்டிகள்தானே.

பிக்காசோவின் குவெர்னிகா ஓவியத்தின் அளவிலேயே ஒன்று செய்திருக்கிறார்கள், பழைய கம்பளிகளை ஒட்டுப்போட்டு. கிட்டப் போனால் நைந்த ஓரமும் பிரிந்த நூலும் தெரியும். பீடப்படத்தைவிட எனக்கு இதுதான் பிடித்தது. பெயர் வாங்கிக் கொடுத்தது என்னவோ 120 மீட்டர் நீளச் சரித்திரத் திரை. கேப் டவுன் நாடாளுமன்றத்தில் தொங்கியது, 2022 ஜனவரி தீவிபத்தில் தப்பிப் பிழைத்தது.

பக்கத்திலேயே பிராம்ஃபோன்டீன் மயானம். சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914-ல் இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு அங்கேதான் சமாதி. அதையும் பார்த்துவிடலாம் என்றேன். அண்ணனுக்கோ ஃபோர்ட்ஸ்பர்க் பிரியாணி ஞாபகம்.

அண்ணி இருவரையும் கண்டுகொள்ளவில்லை. “பாட்டி இருக்காங்க, டாக்டர் கதை சொல்றாங்க, நர்ஸை எங்கே தைச்சிருக்காங்க?” என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் படத்திலிருந்து மறுபடி தேட ஆரம்பித்தார்.