கொம்பு தெரியாத பைனாகுலர்

முதல் தடவை எல்க் என்னும் பெரிய மான் வேட்டைக்குப் போனபோது என் கழுத்தில் தொங்கியது 90 டாலர் பைனாகுலர். துப்பாக்கிக்கு மட்டும் அதைப்போல் பத்து மடங்கு கொட்டியிருந்தேன்.

கொலராடோவின் வடமேற்கில், மீக்கர் ஊருக்கு மேலே ஒரு மலைமுகடு. அக்டோபர் குளிர். கூட வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன். முப்பது வருஷமாக அந்தப் பக்கம் வேட்டைக்குப் போகிறவர். சூரியன் இறங்கிப் பதினைந்து நிமிஷம் இருக்கும். எதிர்ச் சரிவில் ஆஸ்பென் மரங்களின் ஓரமாக ஏதோ அசைந்தது. என் பைனாகுலரில் கரியால் தீற்றிய மாதிரி ஒரு மொத்தை. கொம்பு இருக்கிற மாதிரியும் இருந்தது, கிளை இருக்கிற மாதிரியும் இருந்தது.

அவர் தன்னுடையதை நீட்டினார். அதே சரிவு, அதே இருட்டு. ஆனால் கழுத்தின் கரும்பழுப்பும் பின்புறத்தின் வெளிர்மஞ்சளும் தனித்தனியாகத் தெரிந்தன. தலையில் கிளையே இல்லாத இரண்டு ஒற்றைக் குச்சிகள். இளங்காளை. நான் பார்த்த கிளை அதற்குப் பின்னால் இருந்த மரத்துடையது.

அங்கே காளை எல்க் சுட வேண்டுமானால் ஒரு பக்கக் கொம்பில் நான்கு முனைகளாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றிக்கு மேலே கிளம்பும் கிளை 5 அங்குலமாவது இருக்க வேண்டும். சூரியன் மறைந்து அரை மணி நேரத்தோடு சுடும் நேரமும் முடிந்துவிடும். கண்ணாடி உழைக்க வேண்டியதே அந்தக் கடைசி அரை மணியில்தான். நடுப்பகலில் எந்தப் பைனாகுலரிலும் நன்றாகத்தான் தெரியும்.

ஊருக்குத் திரும்பியதும் கடைக்குப் போனேன். 10x42 என்றால் பத்து மடங்கு பெருக்கம், முன்கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர். 42-ஐ 10-ஆல் வகுத்தால் 4.2, கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். 8x42 என்றால் 5.25. மங்கலில் அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் ஒரு மைல் தள்ளியிருக்கும் சரிவுக்கு எட்டு மடங்கு எனக்குப் போதவில்லை. அப்புறம் மூக்குக்கண்ணாடிப் பிரச்சினை. கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே 16 மில்லிமீட்டராவது இடம் விடாத மாடல்களில், சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போலத்தான் இருக்கும். பாதி மாடல்கள் அங்கேயே கழிந்தன.

கடை விளக்கில் எல்லாமே பளிச்சென்று இருந்தன. மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கூட வந்தார். எதிர்ப்புற வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் படித்தேன். வெளுத்த வானத்துக்கு முன்னால் இருந்த மொட்டைக் கிளையைப் பார்த்தேன். மலிவானவற்றில் அதன் விளிம்பில் ஊதா நிறம் கசிந்தது. இடையிடையே இருட்டுக்காகக் காத்து நின்றோம். ஸ்வரோவ்ஸ்கி கம்பெனியுடையது அருமைதான், விலை எங்கள் வீட்டு பட்ஜெட்டுக்கு வெளியே. அதில் பாதிக்கும் குறைவான ஒன்றை எடுத்தேன். அதற்கே மனைவி, "முகூர்த்தப் புடவைக்குக்கூட இவ்வளவு யோசிக்கலையே நீங்க" என்றாள்.

மிச்சப் பணத்தில் ட்ரைபாட். இதை ஏன் யாரும் முதலில் சொல்வதில்லை என்று தெரியவில்லை. கையில் பிடித்த பதினைந்து மடங்கை விட, ட்ரைபாடின் மூன்று கால்மேல் நிறுத்திய பத்து மடங்கு அதிகம் காட்டுகிறது. ஒற்றைக் கண்ணால் பார்க்கும் பெரிய தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பைத் தள்ளிப்போட்டேன். கனம் ஒரு காரணம். வெயில் ஏறியதும் கானல் துடிக்க ஆரம்பித்தால் அறுபது மடங்கில் மான் தண்ணீருக்குள் நிற்பது போல நெளியும் என்பது இன்னொன்று. துப்பாக்கி ஸ்கோப்பால் தேடலாமே என்று ஒருமுறை கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். ஸ்கோப் பார்க்கும் இடத்தைத்தானே துப்பாக்கியும் குறிவைக்கும். அங்கே அசைவது ஆரஞ்சுச் சட்டை போட்ட இன்னொரு வேட்டைக்காரராக இருந்தால்?

அடுத்த வருஷம் அதே முகடு. ட்ரைபாடில் பைனாகுலரை மாட்டி, சரிவை இடமிருந்து வலமாக, வயல் உழுவது போல வரிவரியாகப் பார்த்தேன். நாற்பது நிமிஷம் ஒன்றுமில்லை. நெட்டுக்குத்தாக நிற்கும் வெள்ளை ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே ஒரு கோடு மட்டும் படுக்கையாக இருந்தது. விழுந்த மரம் என்று தாண்டப் போனேன். அதன் நுனியில் ஒரு காது ஆடியது.

பிறகு பக்கத்தில் இன்னொரு முதுகு. மொத்தம் ஒன்பது, எல்லாம் பெட்டை. என்னிடம் இருந்தது காளையை மட்டும் சுடுவதற்கான டேக், அதாவது அனுமதிச் சீட்டு. இருட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தோம்.