கண்டதை எழுதும்

சேர் காலமான செய்தி எங்கள் வகுப்புக் குழுவில் வந்தபோது இங்கே விடியப்புறம் 3 மணி. அதற்குப் பிறகு நித்திரை வரவில்லை. எந்த சேர் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாம் மணி அடிக்க முன்னரே ஆய்வுகூட வாசலில் வந்து நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரின் கையையும் பார்க்கிற அந்த இரசாயன ஆசிரியரை இந்தப் பள்ளிக்கூட மலரை வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். நாங்கள் உயர்தர வகுப்பில் சேர்ந்து 50 வருடம் ஆகிவிட்டது, மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் என்று பழைய மாணவர் சங்கத்தார் ஆறு மாதமாகக் கேட்டார்கள், நான்தான் பிறகு பிறகு என்று இழுத்தேன். சேர் வாசிக்க இருந்தபோதே எழுதியிருக்கலாம்.

நான் செய்த தொழில் வளிமண்டல இரசாயனம். காற்றில் எந்த வாயு எவ்வளவு இருக்கிறது, அது எதோடு தாக்கமுற்று எதுவாக மாறுகிறது, எத்தனை நாளில் அழிகிறது என்று பார்க்கிற வேலை. என் காலத்தின் பெரும்பகுதி ஓசோனோடு போனது. தலைக்கு மேலே உள்ள ஓசோன் முழுவதையும் கீழே கொண்டுவந்து நில மட்ட அமுக்கத்தில் விரித்தால் வெறும் 3 மில்லிமீற்றர் தடிப்புத்தான் வரும், சூரியனின் புறஊதாக் கதிரில் பெரும் பங்கைத் தடுப்பது அந்த 3 மில்லிமீற்றர்தான். இதை எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், இன்றைக்கும் சொல்லும்போது மனம் ஒருகணம் நிற்கிறது.

ஆனால் எனக்கு அந்த வேலையைப் படிப்பித்தது பல்கலைக்கழகம் அல்ல, ஒரு வெள்ளிக்கிழமைச் செய்முறை வகுப்பு.

அயடீன் நியமிப்பு, அதாவது ஒரு கரைசலில் அயடீன் எவ்வளவு இருக்கிறது என்று இன்னொரு கரைசலைத் துளித்துளியாக விட்டுக் கணிப்பது. கூம்புக்குடுவையில் இருக்கிற அயடீனுக்கு அளவியிலிருந்து, அதாவது கீழே திருகு வைத்த, அளவு குறித்த கண்ணாடிக் குழாயிலிருந்து, தயோசல்பேற்றுக் கரைசல் விட வேண்டும், வைக்கோல் நிறம் வந்ததும் மாப்பொருள் கரைசல், கடும் நீலம், பிறகு ஒரேயொரு துளியில் நீலம் காணாமல் போகும். முன் வாங்கில் எல்லாருக்கும் 24.6 மில்லிலீற்றர் வந்துகொண்டிருந்தது. எனக்கு 25ஐத் தாண்டியது, அதுவும் மூன்று முறையும் மூன்று விதமாக. மணி அடிக்கப் போகிறது. கொப்பியில் 24.60, 24.60, 24.60 என்று எழுதிக்கொண்டுபோய் வைத்தேன்.

சேர் கொப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முழு வகுப்பையும் என் மேசைக்கு அழைத்தார். அளவியில் கரைசல் இறங்கி நின்ற இடம் அப்படியே இருந்தது. "வாசியும்" என்றார். நான் வாசிக்கவில்லை. "சத்தமாக வாசியும்." வாசித்தேன். கொப்பியில் எழுதியதையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். முப்பது பேர் சுற்றி நின்றார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். சிவப்பு மையால் மூன்று எண்ணையும் வெட்டி, கீழே 'கண்டதை எழுதும்' என்று இரண்டே சொல் எழுதினார். அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னை நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் நடந்ததை அன்றைக்கு ஒருவரும் காணவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சேர் அளவியின் திருகுக்குக் கீழே சுட்டுவிரலை வைத்து எடுத்துக் காட்டினார். விரல் நுனி நனைந்திருந்தது. திருகு கசிந்துகொண்டிருந்தது, துளிகள் குடுவைக்குள் விழாமல் வெளியே வழிந்திருக்கின்றன. "உம்முடைய கணக்கு பிழை இல்லை, அளவிதான் பிழை. நீர் மறைத்தால் வாற கிழமை இன்னொரு பிள்ளை இதே அளவியில் நிண்டு அழும்." திருகைக் கழற்றி, துடைத்து, கிறீஸ் பூசி, நான் திரும்பச் செய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அந்த வெட்கம் ஆற எனக்குப் பல வருடம் எடுத்தது. பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும் நாளில் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போனதற்கும் அந்த வெட்கந்தான் காரணம்.

நாங்கள் அந்த வாங்குகளில் இருந்த 1974இல்தான், குளிரூட்டிகளிலும் தெளிகலன்களிலும் இருந்த குளோரோபுளோரோகாபன்கள் மேலே போய் உடைந்து, வெளிவரும் குளோரீன் ஓசோனை அழிக்கும் என்று இரசாயன விஞ்ஞானிகளான மொலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். 1985இல் நான் ஆராய்ச்சி மாணவன். ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற பிரித்தானிய விஞ்ஞானிகள் மூவரும் அந்தாட்டிக்காவின் ஹாலி பே நிலையத்து அளவுகளை வெளியிட்டார்கள்: அங்கே ஒக்டோபர் மாதத்து ஓசோன், முன்பு 300 டாப்சன் அலகு அளவில் (நான் சொன்ன 3 மில்லிமீற்றர் தடிப்புத்தான் 300 டாப்சன் அலகு) இருந்தது, 200க்குக் கீழே போய்விட்டது. அந்தக் கட்டுரையை நின்றபடியே வாசித்தேன். செய்மதியும் அந்தக் குறைந்த அளவுகளைக் கண்டிருந்தது, ஆனால் 180க்குக் கீழே வந்தவற்றைக் கணினி சந்தேகக் குறி போட்டு ஒதுக்கி வைத்திருந்தது. ஹாலி பேயில் இருந்தவர்கள் எண்ணை நம்பாமல் கருவியைச் சந்தேகித்தார்கள், வேறு கருவி வைத்துப் பார்த்தார்கள், திரும்பவும் அதே எண் வந்தபோது எழுதினார்கள். திருகுக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பது என்றால் இதுதான் என்று அன்றைக்கு விளங்கியது. இரண்டு வருடத்தில், அந்தக் குளோரோபுளோரோகாபன்களைக் கட்டுப்படுத்துகிற மொன்றியல் உடன்படிக்கை வந்தது. 1995இல், ஓசோன் இரசாயனத்தை ஆராய்ந்த க்ரூட்சனோடு சேர்த்து மொலினாவுக்கும் ரோலண்டுக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நான் பலூன்காரனானேன். ஓசோன்சொண்டு என்கிற கருவியை ஐதரசனோ ஹீலியமோ நிரப்பிய பலூனில் கட்டி மேலே அனுப்புவோம், 30 கிலோமீற்றரைத் தாண்டிப் போய் வெடிக்கும். உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? பொற்றாசியம் அயடைட்டுக் கரைசல்! சின்னப் பம்பி ஒன்று காற்றை அதற்குள் தள்ளும், ஓசோன் அயடைட்டை அயடீனாக்கும், அதனால் வருகிற மின்னோட்டத்தை அளப்போம். சேரின் மேசையில் நீலம் காட்டிய அதே அயடீன். பறக்கவிட முன்னர் 3 மில்லிலீற்றர் கரைசலை ஊசியால் கிண்ணத்துக்குள் விட்டு, பம்பியின் வேகத்தைச் சவர்க்காரக் குமிழி ஒன்று கண்ணாடிக் குழாயில் ஏறுகிற நேரத்தை வைத்துக் கணிப்போம். பிறகு ஓசோனே இல்லாத காற்றைக் கொடுத்துப் பார்ப்போம். அப்போதும் ஓட்டம் பூச்சியத்துக்கு வராது, கொஞ்சம் மிஞ்சி நிற்கும். அதுதான் பின்னணி ஓட்டம். அதைக் கழித்துத்தான் உண்மை அளவு.

வெப்பவலயக் கடலுக்கு மேலே, 12 முதல் 15 கிலோமீற்றர் உயரத்தில், ஓசோன் மிகக் குறைவு. அங்கே இந்தச் சின்னக் கழித்தல் எல்லாவற்றையும் மாற்றிவிடும். எங்கள் குழுவின் சில பலூன்கள் ஏறக்குறையப் பூச்சியம் காட்டின, நாங்கள் மிகவும் சந்தோசப்பட்டோம், கூட்டங்களில் காட்டினோம். பல வருடங்களுக்குப் பின்னர், நாங்கள் பின்னணியைக் கூடுதலாகக் கழித்துவிட்டோம் என்று தெரிந்தது. காற்று அவ்வளவு வெறுமையாக இருக்கவில்லை. திருத்தி எழுத முடிந்ததற்கு ஒரே காரணம், திருத்தாத ஓட்டங்கள் அத்தனையும், நிமிடத்துக்கு நிமிடம், பிடிக்காத எண்களும் சேர்த்து, என் கொப்பிகளில் இருந்ததுதான். கொப்பியின் முதல் பக்கத்தில் நான் எப்போதும் அந்த இரண்டு சொல்லை எழுதுவேன். ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள், மொழிபெயர்த்துச் சொல்வேன், அந்த 'உம்' மட்டும் எந்த மொழியிலும் வராது.

1999இல் இந்து சமுத்திரத்துக்கு மேலே உள்ள காற்றின் மாசை அளக்கிற இண்டோயெக்ஸ் ஆய்வு நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்திரன் ராமநாதனும் க்ரூட்சனும் தலைமை. கடலுக்கு மேலே கண்ணுக்கெட்டிய தூரம் தவிட்டு நிறப் புகைமூட்டம், கரியும் சல்பேற்றும் சேர்ந்தது. அது தொடர்பாகப் பத்திரிகையில் ஏதோ வாசித்துவிட்டுத்தான் சேர் எனக்கு முதல் தடவையாகக் கடிதம் போட்டார். 25 வருடத்துக்குப் பின்னர் அதே சிவப்பு மை, அதே கையெழுத்து. என்னை வாழ்த்திவிட்டு ஒரே ஒரு கேள்வி: எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேலே ஓசோன் எவ்வளவு இருக்கிறது?

செய்மதிப் படத்தைப் பார்த்து, ஏறக்குறைய 260 டாப்சன் அலகு சேர் என்று உடனே எழுதிப் போட்டேன். அடுத்த வருடம் வருகிறேன், ஒரு பலூனும் கொண்டு வருகிறேன், மைதானத்தில் பிள்ளைகளை வைத்து விடுவோம் என்றும் எழுதினேன். உண்மையாகத்தான் எழுதினேன். பிறகு மானிய விண்ணப்பம், பிறகு வேறு கடல், பிறகு பிள்ளைகளின் படிப்பு. துருவம் வரை போய் மற்றவர்களின் வானத்தை எல்லாம் அளந்தேன். வெப்பவலயத்தில் பலூன் விடுகிற இடங்கள் எவ்வளவு குறைவு என்று கூட்டம் கூட்டமாகப் பேசியவனும் நான்தான்.

சேரின் இரண்டாவது கடிதம் இப்போது மேசையில் இருக்கிறது. தபாலட்டைதான். "260 என்பது செய்மதி கண்டது. நீர் அளந்தீரா?"

அதற்கு நான் பதில் போடவில்லை. பலூனோடு போய் நேரிலே சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

இல்லை சேர். நான் அளக்கவில்லை.