பிரித்தானிய, ஐரோப்பிய வரலாற்றில் முதுமாணி: யாழ்ப்பாணத்தில் இருந்தே தொடங்க வேண்டிய வேலைகள்

உயர்தரத்தில் ஐரோப்பிய வரலாறு படித்த எவருக்கும் பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்கள் தண்ணீர்பட்ட பாடு. அரசியல், சமூகம், பொருளாதாரம், தத்துவஞானிகள், உடனடிக் காரணம். ரியூசன் கொட்டிலில் எழுதிய அந்த நோட்ஸ் பட்டப்படிப்பு முடியும் வரை கூட வரும். முதுமாணியில் முதல் கட்டுரையிலேயே காலை வாரிவிடும். அங்கே காரணங்கள் யாவை என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு காரணத்தை யார், எப்போது, எந்த ஆவணத்தை வைத்துச் சொன்னார், அதை மற்றவர்கள் ஏன் ஏற்கவில்லை என்றுதான் கேட்பார்கள்.

1914ஐ எடுங்கள். முதலாம் உலகப் போருக்கான பெரும் பொறுப்பை 1961இல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் ஜேர்மனியின் மேல் வைத்தார். 2012இல் கிறிஸ்டோஃபர் கிளார்க் அந்தப் பொறுப்பை பெல்கிறேட், பீட்டர்ஸ்பேர்க், பரிஸ் என்று பல தலைநகரங்களுக்கும் பகிர்ந்தார். இருவரையும் சுருக்கி எழுதி, 'இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு' என்று முடிக்கும் கட்டுரை சித்தியோடு நின்றுவிடும் (பிரித்தானியாவில் 50 சித்தி, 60 மெறிற், 70 டிஸ்டிங்ஷன்). ஃபிஷரின் வாதத்தில் முக்கிய சான்று, போரில் ஜேர்மனி அடைய நினைத்தவற்றைப் பட்டியலிடும், ஜேர்மன் சான்சலரின் பெயரில் உள்ள செப்டெம்பர் திட்டம். அதன் திகதி 1914 செப்டெம்பர் 9. போர் தொடங்கி ஒரு மாதம் கடந்தபின் எழுதிய தாள், ஜூலை மாதத்து நோக்கத்துக்குச் சாட்சி சொல்லுமா? இந்தக் கேள்வியில் தொடங்கும் கட்டுரைக்குத்தான் மேல் மார்க்ஸ் வரும்.

படிப்பின் அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரித்தானியாவில் பாடநெறி முதுமாணி பெரும்பாலும் ஒரு வருடம், 180 கிரெடிட். அதில் ஆய்வேட்டுக்கு வழமையாக 60. இங்கே தேசியத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தால் 10ஆம் மட்டம், 60 கிரெடிட். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே ஒரு கிரெடிட் 10 மணிநேர வேலை, இங்கே 50. அவர்களின் 180 என்பது 1,800 மணிநேரம், எங்கள் 30 என்பது 1,500.

ஆய்வேடு பல இடங்களில் 15,000 சொல் அளவில் இருக்கும். முன்னுரைக்கு 1,500, முடிவுரைக்கு 1,000 போனால், 4,000 சொல்லில் மூன்று அத்தியாயம் எழுதலாம். 4,000 சொல்லுக்குள் ஒழுங்காக அலசக்கூடியது பத்துப் பன்னிரண்டு ஆவணம்தான். ஆகவே 'பிரித்தானியப் பேரரசும் இலங்கையும்' என்பது தலைப்பே அல்ல, அது ஒரு நூலகத் தட்டு.

தலைப்பு எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று. 1931 ஜூனில் நடந்த அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் போடவில்லை. இதை இப்படியே எழுதினால் இலங்கை வரலாறு. பார்வையை லண்டனுக்குத் திருப்பினால் பிரித்தானிய வரலாறு. அங்கே பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்குரிமை கிடைத்ததே 1928இல்தான். மூன்று வருடத்தில் அதே உரிமை ஒரு குடியேற்ற நாட்டுக்கும் போகிறது. ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. குடியேற்ற நாட்டு அமைச்சர் பாஸ்ஃபீல்ட் பிரபு, அதாவது சிட்னி வெப். அவருக்குக் கீழே உதவி அமைச்சராக இருந்த ட்ரமண்ட் ஷீல்ஸ், இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்த டொனமூர் ஆணைக்குழுவிலும் அங்கத்தவராக இருந்தவர். 'தான் கையெழுத்திட்ட சிபாரிசை அமைச்சில் இருந்து நடைமுறைப்படுத்திய ஒருவர், யாழ்ப்பாணத்தின் மறுப்பை எப்படி வாசித்தார்?' இது 15,000 சொல்லுக்குள் அடங்கும் கேள்வி. அக்காலத் தமிழ்ப் பத்திரிகைகளான ஈழகேசரியையும் இந்துசாதனத்தையும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாசிக்க முடிவது, அந்த வகுப்பில் அநேகமாக உங்களுக்கு மட்டும் உள்ள வசதி.

இனி, பிழையான கதவைத் தட்டுவது. இலங்கை என்றதும் பலர் பிரித்தானிய நூலகத்திலுள்ள இந்தியா அலுவலகப் பதிவேடுகளைத்தான் தேடுகிறார்கள். இலங்கை 1802இல் முடிக்குரிய குடியேற்ற நாடாகி, கிழக்கிந்தியக் கம்பனியின் கையை விட்டுப் போய்விட்டது. 1796க்குப் பிந்திய முதல் சில வருடங்களுக்கும் தோட்டங்களுக்கு வந்த இந்தியத் தொழிலாளர் விடயத்துக்கும் அந்தப் பதிவேடுகள் உதவும். மற்றதெல்லாம் லண்டன் கியூவில் உள்ள தேசிய சுவடிக் காப்பகத்தில், சீ.ஓ. (குடியேற்ற நாட்டு அமைச்சு) 54 என்ற வரிசையில் இருக்கிறது. சபை அமர்வுத் தாள்கள் சீ.ஓ. 57. ஆளுநர் அனுப்பிய கடிதங்களின் பிரதிகளைக் கொழும்புச் சுவடிக் காப்பகத்திலும் பார்க்கலாம், ஆனால் அந்தக் கடிதம் லண்டன் கந்தோரில் மேசை மேசையாக ஏறி இறங்கும்போது அதிகாரிகள் எழுதிய குறிப்புகள் கியூவில்தான் உண்டு. ஆய்வேட்டின் உயிர் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. ஆளுநர் யோசித்துப் பக்குவமாக எழுதுவார். கந்தோர்க்காரர் ஓரத்தில் இரண்டு வரியில் மனதில் பட்டதை எழுதி, முதலெழுத்தை வைத்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளுவார். அந்த முதலெழுத்துகள் யாருடையவை என்று ஒரு பட்டியலை முதல் நாளே தொடங்குங்கள்.

கியூவில் மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். அது இலவசம், பெயரையும் முகவரியையும் நிரூபிக்க ஆவணம் கேட்பார்கள். உள்ளே பென்சில் மட்டும். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். இங்கேதான் பெரிய நட்டம் நடக்கிறது: ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் படம் எடுத்துவிட்டு, எந்தப் படம் எந்தக் கோப்பு என்று தெரியாமல் நிற்பது. ஒவ்வொரு கோப்பிலும் முதல் படம் அதன் இலக்கம் தெரியும் அட்டையாக இருக்கட்டும். இடையில் தாள் இலக்கம் படத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள். அன்றிரவே கோப்புக்கு ஒரு ஃபோல்டர். அடிக்குறிப்பில் இலக்கம் இல்லாத மேற்கோள் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் வெட்டி எறிய வேண்டியதுதான்.

வீட்டில் இருந்தபடியே பார்க்கக்கூடியதும் கொஞ்சமில்லை. கியூவின் கற்றலொக் முழுவதும் இணையத்தில் தேடலாம். இரு போர்களுக்கும் இடைப்பட்ட அமைச்சரவைக் குறிப்புகளும் தாள்களும் சீ.ஏ.பி. 23, சீ.ஏ.பி. 24 என்ற வரிசைகளில் ஸ்கான் செய்யப்பட்டிருக்கின்றன. பிரித்தானியப் பாராளுமன்ற விவாதப் பதிவான ஹன்சாட் 1803 முதல் இலவசம். பிரான்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் இணைய நூலகமான கலிக்கா, எங்கள் பத்திரிகைகளுக்கு 'நூலகம்' என்ற இணையத்தளம். 1981இல் பொது நூலகம் எரிந்த ஊரில் பழைய இதழ் ஒன்றைத் திரையில் திறந்து பார்க்க முடிவதைச் சின்ன விடயமாக நினைக்க முடியவில்லை.

ஹன்சாட்டைப் பாவிக்கும்போது ஒரு கவனம். 1909க்கு முந்தியது சொல்லுக்குச் சொல் பதிவல்ல, பெரும்பாலும் பத்திரிகை அறிக்கைகளில் இருந்து தொகுத்தது. அங்கத்தவர் வாயால் வந்த சொல் என்று மேற்கோள் குறிக்குள் போட்டால் பரிசோதகர் பிடிப்பார். காசும் இப்படித்தான். 1971 பெப்ரவரி வரை ஒரு பவுண் 20 ஷில்லிங், 240 பென்ஸ். 3 பவுண் 10 ஷில்லிங்கை 3.10 என்று எக்ஸெலில் அடித்தால் கூட்டுத்தொகை முழுவதும் நாசம். திகதியில் இன்னொரு குழி: பிரித்தானியா 1752இல் நாட்காட்டியை மாற்றியபோது செப்டெம்பர் 2க்கு அடுத்த நாள் 14. ரஷ்யா 1918 வரை பழைய நாட்காட்டியில் இருந்தது. அதனால்தான் ஒக்டோபர் புரட்சி எங்கள் கணக்கில் நவம்பர் 7.

பெயர்களும் இருக்கின்றன. ஊரில் 'லண்டனில் மகன்' என்றால் அவர் கிளாஸ்கோவில் இருக்கலாம். ஆய்வேட்டில் அது செல்லாது. 1707 வரை இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் வெவ்வேறு இராச்சியங்கள். அயர்லாந்து 1801இல் சேர்ந்தது, அதன் பெரும்பகுதி 1922இல் பிரிந்தது. 'இங்கிலாந்துப் பாராளுமன்றம்' என்று 1850ஐப் பற்றி எழுதினால் முதல் பக்கத்திலேயே மதிப்புப் போய்விடும்.

ஜேர்மன் வரலாறு என்றால் மொழி மட்டும் போதாது. பழைய அச்செழுத்தும் கையெழுத்தும் வேறு, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் ஆசை உள்ளவர்களுக்கும் இதே கதை. 1658 முதல் 1795 வரையான யாழ்ப்பாணத்தைப் பற்றி ஹேக் சுவடிக் காப்பகத்தில் ஏராளம் உண்டு, ஆனால் ஒரு வருட முதுமாணிக்குள் டச்சும் படித்து அந்தக் கையெழுத்தும் பழகுவது நடக்கிற காரியமில்லை. அதைக் கலாநிதிப் பட்டத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பத்தில் தமிழ் மூலம் படித்தவர்கள் சறுக்குவது மாதிரிக் கட்டுரையில்தான். 2,000 முதல் 3,000 சொல் வரை கேட்பார்கள். பட்டப்படிப்பு ஆய்வேட்டை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டாம். எழுத்து மொழிபெயர்ப்பாக நிற்கும். சீ.ஏ.பி. 24இல் ஒரு தாளைத் தெரிந்தெடுத்து, அதே விடயத்தில் ஹன்சாட் விவாதம் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று ஆங்கிலத்திலேயே புதிதாக எழுதுங்கள். பிரித்தானிய அரசாங்கம் தரும் செவனிங் புலமைப்பரிசிலுக்கு 2,800 மணிநேர வேலை அனுபவம் தேவை, அதாவது ஏறத்தாழ இரண்டு வருடம். பட்டம் முடித்து வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்தக் கட்டுரையைத் தொடங்கினால் நாலைந்து தரம் திருத்தி எழுத நேரம் கிடைக்கும்.