முகட்டுக்குப் பின்னால் பெய்யும் மழை

“தம்பி, போன்ல மழை இல்லைன்னுதானே போட்டிருக்கு?”

கொழுந்துக் கூடையோடு தொப்பலாக நனைந்து வந்த அக்கா கேட்டார். இலங்கை மலைநாட்டு அப்புத்தளையில், எதிர்மலையில் நல்ல வெயில்.

ரேடார் வைத்தால்கூட மலைநாட்டில் எங்கே மழை என்று சொல்வது லேசில்லை. அது அனுப்பும் நுண்ணலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும். திரும்ப எடுக்கும் நேரம் தூரத்தைச் சொல்லும். எதிரொலியின் வலு மழையின் கனத்தைச் சொல்லும். 3 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய எஸ் பேண்ட் என்ற அலைவரிசை, 10 சென்டிமீட்டர் அலை, அடைமழையையும் கடந்து வெகுதூரம் போகும். 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய எக்ஸ் பேண்டுக்குச் சின்ன ஆன்டெனா போதும், ஆனால் கனமழையில் சீக்கிரம் களைத்துவிடும்.

எதுவானாலும் மலையைத் துளைக்காது; முகட்டுக்குப் பின்னால் பெய்யும் மழை அதற்குத் தெரியாது.

2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தைத் தோட்டத்தில், மழையில் சரிந்த மண் லயங்களை, தொழிலாளர் வரிசை வீடுகளை, மூடியது. மலைக்கு மலை சின்ன ரேடாரும், லயத்துக்குப் பக்கத்திலேயே மழைமானியும் எங்களுக்கு வேண்டும்.