"தலையில பாரம்" என்றார், தலைவலி என்று எழுதினேன்

உளசிகிச்சையாளராகப் படித்து முடித்து, மேற்பார்வையின் கீழ் ஆட்களைப் பார்க்கத் தொடங்கிய முதல் வருடம் அது. தமிழ் பேசுகிறவர் யார் வந்தாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். ஒரே மொழி, ஒரே பண்பாடு, சட்டென்று புரிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

அப்படி வந்தவர்களில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "தலையில பாரமா இருக்கும்மா, தூக்கமே இல்ல" என்றார். கேஸ் ஷீட்டில் தலைவலி, தூக்கமின்மை, பதற்றம் என்று எழுதினேன். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். அடுத்த இரண்டு செஷனுக்கு ஆள் வரவில்லை. "சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை" என்று குறித்து வைத்தேன்.

என் மேற்பார்வையாளர் அந்த வரியைப் பென்சிலால் சுழித்தார். "இது நடந்ததா, இல்ல நீங்க முடிவு பண்ணதா? ஏன் வரலன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

அவர் திட்டவில்லை. மருத்துவர்கள் எழுதிவைக்கும் பெயர் எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதற்கு உதாரணம் காட்டினார். அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று 1851-ல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் பெயர் சூட்டி எழுதியதைச் சொன்னார். தன்பாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க முடிவெடுத்ததே 1973-ல்தான் என்றார். "ஒத்துழைக்கவில்லை" என்ற என் சொல்லை அடுத்துப் பார்க்கப்போகிற மருத்துவரும் படிப்பார், அப்படியே நம்புவார். அதை நினைத்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் அதே சங்கத்தின் நோய்ப் பட்டியல் நூலான டிஎஸ்எம்-5-ல் உள்ள பண்பாட்டு நேர்காணலைக் கையில் கொடுத்தார். வந்தவர் தன் பிரச்சினையைத் தானே எப்படிப் பார்க்கிறார் என்று கேட்கும் கேள்விப் பட்டியல் அது. 2013-ல் வந்தது, மொத்தம் 16 கேள்விகள். தமிழரிடம் போய்ப் பண்பாட்டுக் கேள்வியா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் வராமல் போனவருக்குப் போன் செய்தேன். பகலில் வந்தால் அன்றைய சம்பளம் போய்விடுமாம். சரி, மாலையில் வாருங்கள் என்றேன். வந்தார்.

"இந்தப் பிரச்சினைய வீட்டுல எப்படிச் சொல்வீங்க?"

"வீட்டுல சொல்ல முடியலையேம்மா. அதான் பாரம்."

நண்பரின் கடனுக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நண்பர் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார். இவருக்கு நேரம் காலம் இல்லாமல் மிரட்டல் போன். தலைவலி என்ற ஒன்று அவருக்கு இருக்கவே இல்லை.

பட்டியலின் கடைசிக் கேள்வி, மருத்துவருக்கும் வந்தவருக்கும் இடையே புரிதல் தவறிப்போவது பற்றியது. அதையும் கேட்டேன். கொஞ்ச நேரம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க நம்ம ஆளு, படிச்சவங்க. கடன்காரன்னு நெனச்சுடுவீங்களோன்னுதான் அன்னைக்குச் சொல்லல. வேத்தாளா இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

இந்த வேலையில் நான் கற்றதில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது. ஒரே மொழி என்பதால் நான் கேட்பதை நிறுத்தியிருந்தேன். அதே மொழியால்தான் அவருக்கு என் முன்னால் கூச்சம் கூடியிருந்தது. எங்களுக்கிடையே படிப்பும் வர்க்கமும் இருந்ததை அவர் முதல் நாளே பார்த்துவிட்டார், நான் பார்க்கவில்லை. இந்தச் சமூகம் இப்படி, அந்தச் சமூகம் அப்படி என்று ஒரே நாளில் சொல்லித்தரும் பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கை போனது அதனால்தான். 1998-ல் டெர்வலான், மர்ரே-கார்சியா என்ற இரு மருத்துவர்கள் 'பண்பாட்டுப் பணிவு' என்று எழுதியதுதான் எனக்கு உதவியது. பிறர் பண்பாட்டைக் கரைத்துக் குடித்துவிட முடியாது, சிகிச்சை தருபவர் தன் கையில் உள்ள அதிகாரத்தை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

கேஸ் ஷீட்டில் அந்தப் பழைய வரியின் கீழே தேதியிட்டுத் திருத்தம் எழுதினேன்: "பகலில் வந்தால் சம்பள இழப்பு. நேரம் மாற்றப்பட்டது." காரணம் என்ற இடத்தில் பிணைக்கடனையும் மிரட்டல் அழைப்புகளையும் சேர்த்தேன்.

அடுத்த வாரம் அவர் கடன் பத்திரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்தார். மேசையில் விரித்து இருவருமாக வரி வரியாகப் படித்தோம். அன்று மூச்சுப் பயிற்சி இல்லை. செஷன் முடியும் முன் சட்ட உதவிக்குப் போன் செய்து அவருக்கு நேரம் வாங்கினோம்.