ஏணி எட்டாத உயரம்

பெப்ரவரி 8, 2025, சனி

மட்டக்களப்பு கல்லடி வீட்டு வளவில் என் அமெச்சூர் றேடியோவுக்கு டைப்போல் (நடுவில் கேபிள் பூட்டிய வயர் அன்ரெனா) கட்டியாயிற்று. ஒரே கேபிளில் இரண்டு சோடி வயர்: 7 மெகாஹேர்ட்ஸுக்கு 20 மீற்றர் நீளம், 14க்கு அதில் பாதி. உயரம் 5 மீற்றர். ஏணி எட்டியது அவ்வளவுதான். "இந்தக் கொடியில என்னத்தைக் காயப்போடுறது மனே?" என்று அம்மா கேட்டார்.

7இல் யாழ்ப்பாணத்து நண்பர் பக்கத்து வளவில் நின்று கதைப்பதுபோல் இருந்தார். 14இல் ஐரோப்பியக் குரல்கள் மெல்லிதாக வருகின்றன. நான் கூப்பிட்டால் ஒருவரும் திரும்புவதாயில்லை.

பெப்ரவரி 9, ஞாயிறு

பிழை றேடியோவில் இல்லை, ஏணியில். கிடையாகக் கட்டிய வயரிலிருந்து கீழே போகும் அலை நிலத்தில் பட்டு, தலைகீழாகி மேலே திரும்புகிறது. அது நேரே கிளம்பிய அலையோடு எந்தக் கோணத்தில் கைகோக்கும், எதில் அடித்து அழிக்கும் என்பது உயரத்தைப் பொறுத்தது. கணக்குச் சின்னது: அலைநீளத்தை உயரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவது, முதன்மைக் கோணத்தின் சைன். நிலமட்டத்திலிருந்து எத்தனை பாகையில் அலை வலுவாகக் கிளம்புகிறது என்பதுதான் அந்தக் கோணம். 14இல் அலைநீளம் 21 மீற்றர். 5 மீற்றர் போட்டால் விடை ஏறத்தாழ 1. அதாவது 90 பாகை. இரவு முழுக்க உச்சி வானத்தைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன்! அலை உயரே வானத்தின் மின்னேறிய அடுக்கில் பட்டுத்தான் திரும்பி நிலத்தில் விழுகிறது. கிட்டத்துக்குச் செங்குத்தாகப் போனால் போதும், தூரத்துக்கு அடிவானத்தை ஒட்டிச் சாய்ந்து போக வேண்டும்.

பெப்ரவரி 12, புதன், போயா

மரமேறுகிற தம்பி இரண்டு தென்னைகளில் கப்பி கட்டித் தந்தார். 10.5 மீற்றர். தென்னை ஆடும்போது வயர் அறாமலிருக்க, கயிற்றின் நுனியில் மணல் நிரப்பிய போத்தல் தொங்குகிறது.

14க்கு இந்த உயரம் அரை அலைநீளம், கோணம் 30 பாகை. பின்னேரம் இத்தாலிக்காரர் ஒருவர் முதல் கூப்பிடுதலிலேயே பதில் தந்தார். 7க்கு இன்னும் கால் அலைதான், உச்சியைத்தான் பார்க்கிறது, ஆகவே யாழ்ப்பாணமும் கைவிட்டுப் போகவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

"21 மீற்றருக்கு ஏத்தும்" என்று யாழ்ப்பாணத்து நண்பர் விடாமல் சொல்கிறார். 14க்கு 14 பாகை கிடைக்குமே என்று எனக்கும் ஆசைதான். ஆனால் 7இல் அது அரை அலை. உச்சியில் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். யாழ்ப்பாணம் சுமார் 280 கிலோமீற்றர், அங்கே விழ 65 பாகையளவில் எறிய வேண்டும். அந்தக் கோணத்துக்கு மிஞ்சுவது உச்சவலுவில் பத்தில் ஒரு பங்கும் இல்லை.

"ஏத்தினா முதல்ல உங்களத்தான் கேக்காமப் போகும்" என்றேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு, "சரி, அப்ப பத்தரையிலேயே நிக்கட்டும்."