கண் செய்பவர்

பதினாறு வருடமாகச் சாலைப் பணியில் இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் கல்வெர்ட் வேலைதான். சாலைக்கு அடியில் மழைத் தண்ணீர் கடந்து போவதற்கான வழி. முதல் மழை பெய்தால் ராத்திரியிலேயே டார்ச்சோடு போய், அந்தப் பக்கம் தண்ணீர் வருகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வருவேன். மேலே வண்டியில் போகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நடிகர் ஜேம்ஸ் ஹாங்கும் சாலை இன்ஜினியராக இருந்தவர் என்று தெரிந்ததிலிருந்து அவர்மேல் தனிப் பிரியம். 'குங்ஃபூ பாண்டா'வில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் அப்பாவுக்கு ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர். 1929இல் மினியாபொலிஸில் சீனக் குடும்பத்தில் பிறந்தார். சிவில் படித்து, லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தார். நடிக்க வாய்ப்பு வந்தால் விடுப்பு. அது தீர்ந்தால் மருத்துவ விடுப்பு. அப்புறம் வேலையையே விட்டுவிட்டார்.

அன்றைய ஹாலிவுட்டில் சீன முகத்துக்குக் கிடைத்ததெல்லாம் துண்டு வேடங்கள். கதாநாயகனே சீனர் என்றால், வெள்ளைக்காரரின் கண்ணோரத்தை டேப் ஒட்டி இழுத்து நடிக்க வைத்தார்கள். 94 வயதில், 2023இல் ஒரு விருது மேடையில் அவர் அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அவர் காத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. 1965இலேயே நண்பர்களோடு சேர்ந்து ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கினார். கிடைத்த சின்ன வேடங்களையும் விடவில்லை. அவை அறுநூறைத் தாண்டும்.

அதில் ஒன்றை அடிக்கடி போட்டுப் பார்ப்பேன். 1982இல் வந்த 'பிளேட் ரன்னர்'. உறைபனி படிந்த ஆய்வுக்கூடம். கனத்த ரோமக் கோட்டுக்குள் ஒரு கிழவர், செயற்கை மனிதர்களுக்குக் கண் செய்கிறார். இரண்டு பேர் உள்ளே வந்து அவர் கோட்டைப் பிய்த்து எடுக்கிறார்கள். குளிரில் நடுங்கியபடி, கண்ணைத் தவிர வேறெதுவும் தனக்குத் தெரியாது என்கிறார். சில நிமிடக் காட்சிதான். ஆனால் தான் செய்த கண்ணை எதிரே இருப்பவன் முகத்தில் கண்டுகொள்ளும்போது, அந்தப் பயத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்க்கும். ஒருமுறை கூட்டத்தில் நானும், "எனக்குக் கல்வெர்ட் மட்டும்தான் சார் தெரியும்" என்று சொல்லியிருக்கிறேன்.

2022 மே மாதம், 93 வயதில், ஹாலிவுட் நடைபாதையில் அவருக்கு நட்சத்திரம் பதித்தார்கள். ரசிகர்கள் காசு போட்டுச் சேர்த்த பணத்தில். சைட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் படத்தை போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பு மொசைக், விளிம்பில் பித்தளைப் பட்டை, நடுவே அவர் பெயர். பட்டையும் மொசைக்கும் சேரும் இடத்தை விரலால் இன்னும் பெரிதாக்கினேன். இடைவெளியே இல்லை. நன்றாகப் பதித்திருந்தார்கள்.